எதுவும் இல்லாத வண்டியின் விலை

1

"ரெண்டும் ஒரே வண்டிதானே, அதுக்கு மட்டும் ஏன் பின்னாடி ரெண்டு எழுத்து கூட இருக்கு?"

இந்தக் கதை இந்தக் கேள்வியில் பிறந்தது. கேட்டது, பேருந்து நிறுத்தத்தில் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற ஒரு சிறுமி. சிக்னலில் இரண்டு பிக்கப் வண்டிகள் நின்றன. ஒரே நிறம், ஒரே மூக்கு. ஒன்றின் பின்கதவில் மட்டும் வெள்ளிபோல் மின்னும் இரண்டு எழுத்து.

"அது டாப் மாடல்மா. வசதியான வண்டி."

"எழுத்து போட்டா வசதி வந்துடுமா?"

அம்மா பதில் சொல்வதற்குள் பேருந்து வந்துவிட்டது. எனக்கும் அதே பேருந்துதான். ஆனால் நான் ஏறாமல் அங்கேயே சிந்தனையில் [இல்லை, ஏறினேன். உட்கார இடமும் கிடைத்தது].

வண்டி ஒன்றுதான். இஞ்சினும் சுமக்கும் பாரமும் ஏறக்குறைய ஒன்றுதான். தோல் இருக்கை, பட்டனில் இறங்கும் ஜன்னல், பளபளக்கும் சக்கரம் எல்லாம் இருந்தால் டாப் மாடல். ஒன்றும் இல்லாவிட்டால் பேஸ் மாடல். சரி, இரண்டும் பழசாகி விற்க வரும்போது அந்த எழுத்துக்கு என்ன விலை? வீடு வரும்வரை இதே யோசனை.

2

முதல் தொடக்கம்: "பழைய வண்டிச் சந்தையில் மனிதனின் அகந்தைக்கு ஒரு நாளும்

நிறுத்திவிட்டேன். எனக்குப் பிரசங்க நோய் உண்டு. கடவுளை வணங்கிவிட்டு எழுத உட்காருகிறவர்களுக்கு வரும் நோய் அது.

இரண்டாவது தொடக்கம்: "பொழுது புலர்ந்தது." எல்லாக் கதையிலும்தான் புலர்கிறது.

மூன்றாவது: கண்ணாடியக்காவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லாரி வேண்டும்.

இது நிற்கிறது. இதிலிருந்து போவோம்.

ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டி மாட்டுவது அவள் தொழில். அதனால் ஊரே அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடும். இத்தனை வருஷமும் அடுத்தவர் எடுத்த வேலைக்குக் கூலிக்கு மாட்டியவள். இப்போதுதான் முதன்முறையாக, புதிதாக எழும்பும் பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வேலை முழுவதும் அவள் பேருக்கே வந்திருக்கிறது. கட்டட மேஸ்திரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெரிய கண்ணாடிகளை வெட்டாமல் முழுசாக அவளே கொண்டுவந்து இறக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. அவளுடைய பிக்கப்பில் முழுக் கண்ணாடி அடங்காது. அதை விற்றால்தான் லாரிக்கு முன்பணம்.

பழைய வண்டி வியாபாரி பிக்கப்பைச் சுற்றி வந்தார்.

"இஞ்சின் சொக்கத் தங்கம் அக்கா. ஆனா பேஸ் மாடல். டாப் மாடலா இருந்தா கண்ண மூடிக்கிட்டு எடுத்துப்பேன்."

"கண்ணத் தொறந்துக்கிட்டு எவ்வளவு தருவீங்க?"

அவர் சொன்ன தொகைக்கு லாரியின் முன்சக்கரம் வேண்டுமானால் வரும்.

3

கண்ணாடியக்காவின் கணவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதலில் அவரை ஏமாற்றுக்காரராக எழுதிப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை. அவர் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறவர். எழுத்தை மாற்றினால் எதுவும் மாறும் என்று நம்புவது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே வரும் பிழை. அழுக்கு டெம்போவின் நெற்றியில் 'ராஜா' என்று ஒட்டியதும் அதன் ஓட்டுநர் நெஞ்சை நிமிர்த்தியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை அவள் வாசலுக்கு வந்தால், பிக்கப்பின் பின்கதவில் அந்த இரண்டு எழுத்து. பக்கத்தில் வெள்ளிப் பட்டை. சக்கரங்களுக்குப் பளபளக்கும் மூடி.

"என்னங்க இது?"

"பதவி உயர்வு."

"யாரு குடுத்தா?"

"நான்தான். இவ்வளவு உழைச்சும் கம்பெனிக்காரனுக்கு மனசு வரல பாரு."

அவள் அதைக் கிழித்து எறிந்தாள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அவள் கிழிக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு இரவல் சட்டை போட்டுப் போகிறவனைப்போல் வண்டி நின்றது. பொய் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமையும் தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு வேறொரு வியாபாரியிடம் ஓட்டிப் போனாள்.

4

அங்கே வண்டிகளைச் சோதித்துப் பார்க்க ஒருவர் இருந்தார். ஒல்லியானவர், கூச்ச சுபாவி. கதவைத் திறந்தார். ஜன்னலை இறக்கப் பட்டனைத் தேடிய விரல், சுற்றும் கைப்பிடியில் இடித்து நின்றது. கைப்பிடியைச் சுற்றி ஜன்னலை இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

"அக்கா, இந்த எழுத்து வண்டியோடயே வந்ததா?"

ஆமாம் என்று அவள்

இல்லை. வாய்வரை வந்தது, ஆனால் அவள் சொல்லவில்லை.

"இல்லீங்க. வீட்டுக்காரர் ஒட்டினது."

அவர் அலுவலக அறையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உள்ள முதலாளி பார்த்தாருன்னா, எழுத்தே பொய்னா இஞ்சினும் பொய்னு சொல்லிப் பாதி விலைக்கு இறக்கிடுவாரு. எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க வர்றவங்க சீட்டத் தடவிப் பார்த்து வாங்கற ஆளுங்க. உங்க வண்டிய வாங்கற ஆளு கட்டடம் கட்டற எடத்துல நிக்கறான். அந்தக் கைப்பிடிக்காகவே வாங்குவான்."

[இங்கே ஒரு குறிப்பு. கை மாறும் ஒவ்வொரு வண்டிக்கும் இவருக்குக் கமிஷன் உண்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி பாதி விலைக்கு உள்ளே வந்திருக்கும், இவர் பையும் நிறைந்திருக்கும். இன்னொன்று: டாப் மாடல் பழசானாலும் அதிக விலைக்குத்தான் போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் பளபளப்புக்காகக் கூடுதலாகக் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வராது. பாரம் சுமப்பதற்குக் கொடுத்த விலைதான், பாரம் சுமக்கிறவர்களிடம் கரையாமல் நிற்கும்.]

5

வீட்டு வாசலில் கணவனும் மனைவியுமாக எழுத்தை உரித்தார்கள். அவர் ஹேர் டிரையரால் சூடு காட்ட, அவள் நகத்தால் நெம்பினாள்.

"கோவமா?" என்றார்.

"எழுத்து மேலதான் கோவம்."

"அது பாவம், ஒட்டின எடத்துல நிக்குது."

"அப்ப வேற எழுத்து வெட்டுங்க. நான் சொல்றத மட்டும் வெட்டுங்க."

மாலைக்குள் பிக்கப்பின் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் இது இருந்தது: பேஸ் மாடல். விற்பனைக்கு. ஜன்னலைக் கையால் சுற்ற வேண்டும். தரை ரப்பர், தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். பாட்டு நீங்களே பாடிக்கொள்ள வேண்டும்.

கடைசி வரி அவள் சொன்னதல்ல. அவருக்கும் ஓர் ஆறுதல் வேண்டாமா?

6

பள்ளிக்கூடம் எழும்பும் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். படித்தவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"ஏன் அக்கா, நான் பாடினா வண்டி ஓடுமா?" என்றார் பிளம்பர்.

"பிச்சுக்கிட்டு ஓடும். உங்க பாட்டுலேர்ந்து தப்பிக்கணுமே."

கொத்தனார் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து, சிமெண்ட் காய்ந்த கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் மச்சான் டாப் மாடல் வாங்கினான். இந்த மாதிரி சிமெண்ட் கையோட பட்டன அமுக்கி அமுக்கி ஜன்னல் பாதியிலயே நின்னுடுச்சு. இப்ப மழை உள்ள, அவன் வெளிய." அவளைப் பார்த்து ஒரு விலை சொன்னார். வியாபாரி சொன்னதைவிட அதிகம்.

"இரு இரு, நான் இன்னும் பேசவே இல்ல," என்றார் பிளம்பர்.

"நீதான் பாடப் போறியே."

"பாட்டு அப்புறம். விலை இப்ப." அதற்கு மேல் ஒரு விலை சொன்னார்.

கொத்தனார் அதற்கும் மேலே போனார். செங்கல் சுமந்தவர்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவர் உள்ளேயிருந்து ஓடிவந்து, எதை ஏலம் போடுகிறார்கள் என்று தெரியாமலே, "நானும் இருக்கேன்" என்றார். கண்ணாடியக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திறந்தால் சிரித்துவிடுவாள். கடைசியில் கொத்தனாருக்கே முடிந்தது. லாரியின் முன்பணம் வந்தது, அதற்கு மேலும் வந்தது. எல்லா ஜன்னலையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கொத்தனார் வண்டியை எடுத்தார். வாசலைத் தாண்டும்போது உரக்கப் பாடினார். கேட்கச் சகிக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை லாரி உள்ளே நுழைந்தது. அதன் முதுகில் சாய்த்துக் கட்டிய முழுக் கண்ணாடிகளில் வானம் முழுசாக ஏறி வந்தது. வழியில் நின்றவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள். மேஸ்திரி எழுந்து நின்று வழிகாட்டினார். கண்ணாடியக்கா ஓட்டுநர் இருக்கையிலிருந்து, அரசி இறங்குவதுபோல் நிதானமாக இறங்கினாள். [மிகை என்று நினைத்தால் அரசி என்ற சொல்லை அடித்துவிடுங்கள். நிதானத்தை மட்டும் விட்டுவையுங்கள்.]

7

இங்கேயே முடித்திருக்கலாம். இரண்டு முடிவுகள் எழுதினேன், இரண்டும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஒன்றில், முதல் வியாபாரி விஷயம் தெரிந்து தலையில் கை வைக்கிறார். வெற்றிக்கு ஒருவர் அழ வேண்டும் என்று என் சாமி சொன்னதில்லை.

இன்னொன்றில், கண்ணாடியக்கா அந்த ஒல்லி மனிதரைத் தேடிப்போய் நன்றி சொல்ல, இருவர் கண்ணும் கலங்குகிறது. அந்தக் கூச்ச சுபாவிக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா?

அவள் தேடிப் போனது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை, விலாசம் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. குடும்பம் முழுவதும் வெளியே போயிருக்க வேண்டும். திரும்பிப் போகப் பார்த்தவள் முன்ஜன்னலைக் கண்டு நின்றாள். ஒரு சட்டத்தில் கண்ணாடி இல்லை. அட்டையை வைத்து அடைத்திருந்தார்கள். மழை நனைத்து நனைத்து அட்டை ஊதியிருந்தது. கையை விரித்துச் சாண் போட்டு அளந்துகொண்டாள்.

இப்போது வெயில் உச்சியில். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. போர்வையில் சுற்றிய எதையோ இடுப்பில் அணைத்தபடி அவள் மறுபடி வருகிறாள்.

அந்த ஒல்லி மனிதர் திரும்பி வந்து யார் வேலை என்று கண்டுபிடிப்பாரா, அல்லது நல்ல கண்ணாடி கண்ணுக்கே தெரியாது என்பதால் கவனிக்காமலே போவாரா? அதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு கவலைதான். யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே நாம் இரண்டு பேர் நிற்கிறோம்.

நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.

அட்டையை உருவுகிற சத்தம் கேட்கிறது. பார்க்காதீர்கள்.