தேரன்று கழற்றிய ஜட்டி

வீராம்பட்டினத்தில் கைக்குழந்தைக்கு அரைஞாண் கயிறுதான் உடுப்பு. அப்படியிருக்க, ஆடிப் புழுக்கத்தில் சுமலதா மகன் விஜய்க்கு ஜட்டிமேல் ஜட்டி போட்டுவைத்தால் தெரு சும்மா இருக்குமா? "கொழந்தைக்குக் குளுருதாடி?" என்று கேட்காத வாய் இல்லை.

விஷயம் இதுதான். மூத்திரம் போகும்போதெல்லாம் குழந்தை வீறிட்டான். டவுன் டாக்டர் முன்தோலை எடுத்துவிட்டு, அங்கே ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினார். "தானா விழுந்துடும். இறுக்கமா எதுவும் போடாதீங்க. மூத்திரம் நின்னா ஒடனே தூக்கியாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

சுமலதாவின் புருஷன் பிரேம்குமாருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. தேருக்கு வரும் சொந்தம் பார்த்தால் சிரிக்குமே என்பதுதான் ஏறியது. திருட்டுச் சாராயத்தை மறைப்பதுபோல மகனைத் துணிக்குள் மறைத்தான்.

தேரன்று காலையிலிருந்து துணி நனையவே இல்லை. குழந்தைக்கு அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. அடிவயிறு கல்லாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"தேர் நெலைக்கு வரட்டும். வூடு பூரா ஆளு. இன்னான்னு சொல்றது?"

கூடத்தில் பிரேம்குமாரின் அக்கா அமுதவல்லி, வாயில் வடையும் காதில் மொத்த உயிருமாக உட்கார்ந்திருந்தாள். "இன்னாடா தம்பி, ஏன் இப்டிக் கத்துது?"

"சூடுக்கா."

"சூடுன்னா ஜட்டிய கழட்டேண்டா!"

பிரேம்குமார் அசையவில்லை. சுமலதா அசைந்தாள். குழந்தையை நடுக்கூடத்தில் கிடத்தி எல்லாவற்றையும் உருவி எறிந்தாள். வளையம் பின்னால் நழுவி இறுக்கிப் பிடித்திருந்தது. நுனி வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"ஐயையோ, சுன்னத்து!" என்றாள் அமுதவல்லி. வடையை மட்டும் விடவில்லை.

"ஆமா அண்ணி, டாக்டர் பண்ணாரு. ஒழுங்காதான் பண்ணாரு. இறுக்கிக் கெடுத்தது உங்க தம்பி." புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், உன் மானம் எம்புள்ள குஞ்சுலயா இருக்குது? எடுய்யா வண்டிய!"

தேர்க் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார்கள். டாக்டர் வளையத்தை வெட்டியதும் மூத்திரம் பீய்ச்சி அடித்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நுனி அழுகியிருக்கும்" என்று பிரேம்குமாரைப் பார்த்துக் கத்தினார்.

திரும்பும்போது பிரேம்குமார் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, தோளிலிருந்த புதுத் துண்டைக் குழந்தைமேல் போர்த்தப்போனான்.

சுமலதா அதைப் பிடுங்கி அவன் தலையில் எறிந்தாள்.

"நீ முக்காடு போட்டுக்க. எம்புள்ள இப்டியேதான் வருவான்."

இறங்கி, அம்மணக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெரு நடுவிலேயே நடந்தாள்.