பயணம் செய்தவர்

முனியராஜ் இறந்து நாற்பத்தோராம் நாள், அவருடைய போனுக்கு ரயில்வேயிலிருந்து செய்தி வந்தது: 'பயணி பயணம் செய்துள்ளார். பணம் திரும்பத் தர இயலாது.'

அவர் மனைவி வீரலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த மனுசன் பேரிலுமா பொய் சொல்வார்கள்?

இறந்த அன்று காலை அவர் சென்னை வண்டிக்குத்தான் கிளம்பினார். மகள் ஓவியா படிக்கும் நர்சிங் கல்லூரியில் ஒரிஜினல் மார்க் சீட் கேட்டிருந்தார்கள்; அதை மஞ்சள் பையில் வைத்து எடுத்துப்போனார். சாத்தூர் ஸ்டேஷனில் வண்டி நாலு மணி நேரம் லேட் என்றதும் வீட்டுக்குப் போன் போட்டார்.

"அங்கன சும்மா ஒக்காந்து என்ன செய்யப்போறீக? மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா முழுக்காசும் வரும்ல. போகலைன்னு பதிஞ்சுட்டு வேலைக்குப் போங்க, சீசன் நேரம்" என்று சொன்னவள் அவள்தான். அவரும் போனிலேயே பதிந்துவிட்டு அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். போனை வாசல் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பதினொரு மணிக்கு மருந்து கலக்கும் அறை வெடித்தது. தான் சொன்ன அந்தச் சொல்லை நினைத்து நினைத்து அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளாத நாளில்லை.

விருதுநகர் ஸ்டேஷனுக்கு நியாயம் கேட்கப் போனாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

குமாஸ்தா அன்றைக்கு அந்தப் பெட்டியில் இருந்த டிக்கெட் பரிசோதகர் பாண்டிச்செல்வத்தைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"முப்பத்தேழாம் சீட்டா? நல்லா ஞாபகம் இருக்கு சார். சாத்தூர்ல ஒண்ணேகாலுக்கு ஏறுனாரு. முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர். கழுவிட்டு வரக்கூடாதான்னு கேட்டேன். நேரமில்லைன்னாரு."

ஒண்ணேகாலுக்கு வீரலட்சுமி ஆஸ்பத்திரி வாசலில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள்.

"மஞ்சப் பை வச்சிருந்தாகளா?"

"மடியிலேயே வச்சிருந்தாரும்மா. கீழயே வைக்கல."

மகளுக்குப் போன் போட்டாள். பையோடு சேர்ந்து மார்க் சீட்டும் எரிந்துபோயிற்று என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அது வந்துருச்சேம்மா" என்றாள் ஓவியா. "காரியம் முடிஞ்சு நான் திரும்புனப்ப காலேஜ் செக்யூரிட்டி எடுத்துக் குடுத்தாரு. நீதான் யார்கிட்டயோ குடுத்துவிட்டன்னு நெனச்சேன். கவர் பூரா வெள்ளிப் பொடி. எம்புட்டுக் கழுவியும் ரெண்டு நாளா கைய விட்டுப் போகல."

குமாஸ்தா மின்விசிறியை நிறுத்தினார். அவருக்கும் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு தாளை நகர்த்தி, "அவர் போகலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. இறப்புச் சான்றிதழ் வச்சா பணம் வந்துரும்" என்றார்.

அவள் தாளைத் திருப்பித் தள்ளினாள். வெடித்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறை அசைந்தது. வாய்விட்டு அழுதாள்.

"வேண்டாம் சார். அவுக போயிட்டாக. நான் சொன்னத அவுக கேக்கல."