எப்பவும்போல ஒண்ணு

"இன்னும் கொஞ்சம் குவிங்கம்மா. சோறு மலை மாதிரி நிக்கணும்" என்றார் நெகோரோ.

மினே ஈரக்கையால் சோற்றைத் தட்டிக் குவித்தாள். நட்டுவைத்த இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளும் மெல்லச் சாய்ந்து, குடித்துவிட்டு வீடு திரும்பும் கூட்டாளிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இறந்தவரின் தலைமாட்டில் அவருடைய சொந்தக் கிண்ணத்தில் சோறு குவித்து, நடுவில் குச்சிகளை நட்டாக வேண்டும். நேற்று வைத்ததைப் பக்கத்து வீட்டுப் பூனை தள்ளிவிட்டது. பூனையைக் குற்றம் சொல்லவும் முடியாது. தொகுஜியின் கிண்ணம் அப்படி. ஒரு சிட்டுக்குருவி உள்ளே உட்கார்ந்தால் வாலும் மூக்கும் வெளியே நிற்கும்.

"இது உங்க சின்ன வயசுக் கிண்ணமா?" என்று கேட்டார் நெகோரோ. யுனோசேயில் சாவுக் காரியங்களை எல்லாம் பார்ப்பவர் அவர்தான். தெருவில் யாராவது தும்மினால் நின்று நலம் விசாரிப்பார். விசாரிக்கப்பட்டவர்கள் அந்த நொடியே குணமாகிவிடுவார்கள்.

"அப்பாவோடதுதாங்க."

"ஊர்ச் சாப்பாட்டையே ஒரு கை பாத்த மனுஷனுக்கு இத்துனூண்டு கிண்ணமா?"

"வீட்ல இவ்ளோதான் சாப்பிடுவாரு. கேட்டா, வெளியில ஆச்சும்பாரு" என்றாள் மினே. சொன்ன வேகத்தில் சோறு இன்னொரு முறை சரிந்தது.

யுனோசேயில் தரையைக் குச்சியால் கிளறினாலே ஆவி வரும். சூடு எட்டிப் பார்க்காத இடம் நகராட்சி அலுவலகம் ஒன்றுதான். ரயிலை விட்டு இறங்கி, வெந்நீர் ஊற்றில் முங்கி, தக்காளிப் பழம்போல் சிவந்து எழுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இங்க எங்க சாப்பிடலாம்?" அதற்குப் பதில் சொல்லவே ரயிலடியில் ஒரு நாற்காலி. நாற்காலியில் தொகுஜி. தலையில் ஊர்ச்சங்கம் கொடுத்த நீலத் தொப்பி. ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். புதுசாகக் கல்யாணமான ஜோடியா? இசோவின் ஆவிக்கடை. மூங்கில் கூடையில் கிழங்கும் சோளமும் முட்டையும் ஊற்றின் ஆவியில் வெந்து முடிக்க நேரமாகும். அதுவரை இருவரும் பேசித்தான் தீர வேண்டும். கல்யாணமாகி ரொம்ப வருஷமா? கிஷிரோவின் நூடுல்ஸ். துருவிய மலைக்கிழங்கோடு உறிஞ்சுகிற சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. குழந்தை அழுகிறதா? அகாமத்சுவின் பயறு பன். வாயை அடைத்துவிடும்.

தொகுஜி சொன்ன கடையில் சாப்பிட்ட ஒரு வக்கீல், ஊருக்குத் திரும்பியதும் எதிராளிக்கே வழக்கை விட்டுக்கொடுத்தாராம். தொகுஜியின் நாக்குக்கு நகராட்சி இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறது என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், தவணையை ஒழுங்காகக் கட்டுவதில்லை என்று நகராட்சியைத் திட்டினார்கள்.

அந்த நாக்கு நேற்றுக் காலையோடு ஓய்ந்துவிட்டது.

நடந்தது இதுதான். அப்பாவுக்கு இரவெல்லாம் இழுப்பு. கூடவே விழித்திருந்த மினே விடியும் நேரத்தில் அசந்துவிட்டாள். கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு ஓடிவந்தாள். தொகுஜி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ரொம்பத் தெளிவாக, கடைக்குள் நுழைகிற வாடிக்கைக்காரரைப் போல ஒரு விரலைத் தூக்கி, "எப்பவும்போல ஒண்ணு" என்றார்.

வீட்டில் யாராவது அப்படிக் கேட்பார்களா? அது கடையில் உட்கார்ந்து சொல்லும் வார்த்தை. வருஷக்கணக்காகப் போய்வந்து, என்ன வேண்டுமென்று கடைக்காரருக்கே தெரிந்த பிறகு, காலை நீட்டிக்கொண்டு சொல்லும் வார்த்தை. "எந்தக் கடையோடதுப்பா?" என்று மினே இரண்டு தரம் கேட்டாள். அப்பா சிரித்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு காலில் அவள் செருப்பும் மறுகாலில் அப்பாவின் செருப்புமாகத் தெருமுனைவரை ஓடினாள். எந்தக் கடை என்று தெரியாமல் முனையில் நின்றாள். திரும்பி வந்தபோது தூக்கிய விரல் போர்வையின் மேல் இறங்கியிருந்தது.

குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, குழாயடியில் நனைத்து, கடைசித் தண்ணீரை உதட்டில் தடவினாள். பச்சைத் தண்ணீர் பட்டதும் அப்பா முகத்தைச் சுளித்ததுபோல் இருந்தது. செத்தவர்கள் சுளிப்பதில்லை என்று நெகோரோ சமாதானம் சொன்னார்.

அப்பா கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. சவப்பெட்டியை மூடுவதற்குள் அது எது என்று தெரிந்தாக வேண்டும்.

"ஒரே ஒரு சாப்பாட்டுச் சாமான்தான் உள்ள வைக்க விடுவேன்" என்று நெகோரோ சொல்லிவிட்டார். "போன மாசம் ஒருத்தரு பெட்டிக்குள்ள தர்பூசணியை ஒளிச்சு வச்சுட்டாங்க. எரிக்கிற இடத்துல அது வெடிச்ச சத்தத்துல பிக்கு மந்திரத்தை மறந்து சினிமாப் பாட்டுப் பாடிட்டாரு."

அந்தக் கடைசி வார்த்தை அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. முதலில் வந்தவர் அகாமத்சு. பெரிய பெட்டி, உள்ளே ஆவி பறக்கும் பன். சவப்பெட்டிக்கு ஒரு கும்பிடு, மினேவுக்கு ஒரு கும்பிடு, பன்னுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"மினேம்மா, கேள்விப்பட்டேன். எப்பவும்போல ஒண்ணுன்னாராமே! அது எங்க கடைல சொல்றதும்மா. நுழையும்போதே விரலைத் தூக்குவாரு."

"விரலை எங்க கடைலதான்யா தூக்குவாரு. உன் கடைல மூக்கைத்தான் தூக்குவாரு" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தபடி வந்தார் கிஷிரோ. கையில் நூடுல்ஸ் சட்டி. தோளில் துண்டு. "தங்கச்சி, நூடுல்ஸை உள்ள வச்சிரு. நீளமா இருக்கும், போற வழிக்கு ஆகும்."

"தண்ணி சாமான் வைக்கக் கூடாது" என்றார் நெகோரோ.

"வடிச்சுக் குடுக்கறேன்யா!"

மூன்றாவதாக இசோ, இடுப்பில் மூங்கில் கூடையோடு. "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. எங்க அண்ணன் எங்கிட்ட வந்து உக்காந்தாருன்னா எந்திரிக்கவே மாட்டாரு. ஆவிக்கு முன்னால கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு பாவம். மினே, இந்தா முட்டை."

"முட்டை வெடிக்கும்" என்றார் நெகோரோ.

"நீங்க வாயை வச்சா எதுதான் வெடிக்காது?"

பெட்டி, சட்டி, கூடை மூன்றும் சவப்பெட்டிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தன. அப்பா யாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்க்க வந்த மாதிரி ஊர்ச்சங்கத்துக்காரர்கள் கறுப்பு உடையில் முன்கூடத்தில் நிரம்பினார்கள். பெட்டிக்குள் போகிற பண்டம்தான் தொகுஜியின் கடைசித் தீர்ப்பு. நாளைக்கே அது கடை வாசலில் பலகையாகத் தொங்கும். அது எல்லோருக்கும் தெரியும். மினேவுக்கும் தெரியும். அவளுக்கு மூன்று கடைகளையுமே பிடிக்காது. அம்மா போனதிலிருந்து அவள்தான் சமைக்கிறாள். முள்ளங்கியை மிசோப் பயறு விழுதில் பூப்போல வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தால், அப்பா கஞ்சியை மட்டும் இரண்டு வாய் குடித்துவிட்டு, "வெளியில ஆச்சும்மா" என்பார். அந்த 'வெளியில' இன்று மூன்று பண்டங்களாக அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் மினே. "மறைக்காம சொல்லுங்க. அவரு எப்பவும்போல ஒண்ணுன்னா, நீங்க என்ன கொண்டாந்து வைப்பீங்க?"

"பன்னுதான்" என்றார் அகாமத்சு.

"கறுப்பு வெல்லமா, வெள்ளை மாவா?"

அகாமத்சு பன் பெட்டியைப் பார்த்தார். பெட்டி உதவவில்லை. "அது... மாறி மாறி" என்றார்.

"மாறி மாறின்னா அது எப்படி எப்பவும்போல?" என்று பாய்ந்தார் கிஷிரோ.

"நீங்க என்னண்ணே வைப்பீங்க?" என்று மினே அவர் பக்கம் திரும்பினாள்.

"நூடுல்ஸ்."

"சூடாவா, ஆறினதா?"

கிஷிரோ துண்டை எடுத்து இல்லாத வியர்வையைத் துடைத்தார். "சூடு. சூடுதான். அதுல சந்தேகமே இல்ல" என்றார். அவ்வளவு உறுதியாக அவர் எதையும் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் நூடுல்ஸ் என்ற வார்த்தையை இரண்டாவது தரம் சொல்லவில்லை.

இசோ கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சாவு வீட்டுல பொய் சொன்னா குளியல்ல கால் வழுக்கும். எனக்கு ஏற்கெனவே முட்டி சரியில்ல" என்று மூக்கை உறிஞ்சினாள். "வெந்நீர்டி மினே."

"என்னது?"

"வெந்நீர். ஒரு கோப்பை. ஊதி ஊதிக் குடிப்பாரு. ஒரு கிழங்கைத் தொட்டிருப்பாரா? எத்தனை தரம் கேட்டிருப்பேன். 'வயித்துல இடமில்ல இசோ'ம்பாரு. எனக்கு எப்படி இருக்கும்? ஊரையெல்லாம் எங்கிட்ட அனுப்பறாரு, தான் மட்டும் அகாமத்சு கடைல பன்னைத் தின்னுட்டு வந்து எங்கிட்ட வெந்நீர் குடிக்கறாரேன்னு. வெளியில சொன்னா மானம் போகும்."

"எங்கிட்டயா பன்னைத் தின்னாரு?" அகாமத்சுவின் குரல் உடைந்தது. "எங்கிட்டயும் வெந்நீர்தான்! கிஷிரோ கடை நூடுல்ஸால வயிறு அடைஞ்சு போச்சுன்னுதான் நான் இத்தனை நாளா..."

எல்லோரும் கிஷிரோவைப் பார்த்தார்கள். கிஷிரோ நூடுல்ஸ் சட்டியைப் பார்த்தார். "சூடுன்னுதான சொன்னேன்? பொய் சொன்னேனா?" என்றார்.

ஊதுவத்தி மட்டும் வேலை செய்தது.

நெகோரோ தொண்டையைக் கனைத்தார். "நேத்து குளிப்பாட்டும்போதே நெனச்சேன். அந்தப் பன்னித் தழும்பு."

அந்தப் பன்றியைத் தெரியாத ஆண்பிள்ளை யுனோசேயில் கிடையாது. இளவயதில் மலையில் காட்டுப்பன்றி வயிற்றைக் கிழித்தது என்று பொதுக் குளியலில் தொகுஜி சொல்வார். ஆண்டுக்கு ஆண்டு பன்றி வளர்ந்தது. நாயளவில் தொடங்கி, கன்றுக்குட்டியாகி, கடைசியாகக் கேட்டபோது அது பாதை மறித்து நின்றதில் ரயில் தாமதமாகியிருந்தது. தழும்பை யாரும் நன்றாகப் பார்த்ததில்லை. அந்தக் குளியலறை ஆவியில் எதிரே இருப்பது மாமனாரா மைத்துனனா என்றே தெரியாது. போதாததற்குத் தொகுஜி எப்போதும் துண்டால் மூடியிருப்பார்.

"கிழிச்ச பன்னி தையலும் போட்டுட்டுல்ல போயிருக்கு" என்றார் நெகோரோ. "கோடு பிடிச்ச மாதிரி. பாதி வயித்தை எடுத்திருக்காங்கம்மா. ரொம்பப் பழைய தையல். உங்கம்மா வர்றதுக்கு முந்தியே இருக்கும்."

மினே கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடவே முடியாத ஆளா இத்தனை வருஷம் எங்களுக்கு ஆள் அனுப்பினாரு!" என்றார் அகாமத்சு. பிறகு ஏதோ தட்டுப்பட்டவராக நிமிர்ந்தார். "ஆமா, எங்கிட்ட நூடுல்ஸ்னு அவரு சொல்லல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன். அவரு சொன்னது வேற."

"என்ன சொன்னாரு?" என்றாள் மினே.

"'வீட்ல ஆச்சு'ம்பாரு."

"எங்கிட்டயும் அதான்" என்றார் கிஷிரோ. "'எம்பொண்ணு வைக்கிற முள்ளங்கிக்கு அப்புறம் வேற எதுவும் இறங்காதுப்பா'ம்பாரு. அப்படி என்ன முள்ளங்கியோன்னு எனக்கு வயித்தெரிச்சல்."

இசோ முந்தானை மாதிரி ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று ஊர்ச்சங்கத் தலைவர் தலை குனிந்தார். ஏப்ரனுக்குள்ளிருந்து வந்தது சிரிப்பு. "எல்லாரையும் ஏமாத்திட்டாரு கிழவன்!" அது அகாமத்சுவுக்குப் பரவி, கிஷிரோவுக்குப் பரவி, முன்கூடத்துக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பிக்குவைத் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போகவைத்தது. நெகோரோ ஓடிப்போய் அவரைப் பிடித்து வந்தார்.

சிரித்து ஓய்ந்ததும் அகாமத்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படின்னா எங்க கடை வெந்நீர்தான் வைக்கணும். பன் அவிக்கிற அடுப்புத் தண்ணி. லேசா இனிப்பு இருக்கும்."

"நூடுல்ஸ் வேகவச்ச தண்ணியோட ருசி வருமா?"

"போங்கய்யா. எங்கது ஊத்துல இருந்து நேரா வர்றது. பூமாதேவியே காய்ச்சிக் குடுக்கறா" என்றாள் இசோ.

ஊர்ச்சங்கத்தார் இரண்டு கட்சியாகப் பிரிவதற்குள் மினே எழுந்து சமையலறைக்குப் போயிருந்தாள்.

நேற்றுக் காலையில் வைத்த கெட்டில் அடுப்பிலேயே இருந்தது. தண்ணீரும் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. அதைக் கொட்டாமல் அப்படியே அடுப்பை மூட்டினாள். தினமும் காலையில் அப்பா கண் விழிக்கும் முன்பே தலைமாட்டில் வெந்நீர்க் கோப்பை இருக்கும். நேற்றுவரை கேட்க வேண்டி வந்ததே இல்லை. கெட்டில் முணுமுணுக்கத் தொடங்கியது. வாயைத் திறந்து பாட்டுப் பாடும்வரை அவள் அதன் முன்னால் நின்றாள்.

கோப்பையோடு அவள் கூடத்துக்கு வந்ததும் வெந்நீர்ச் சண்டை பாதியில் நின்றது. பிக்கு மணியைக் கையில் எடுத்து அடிக்காமல் வைத்திருந்தார்.

"கடைசித் தண்ணி நேத்தே ஆச்சேம்மா" என்றார் நெகோரோ மெதுவாக. பெட்டியின் மூடி அவர் கையில் இருந்தது. "ரெண்டாவது தரம் வழக்கமில்ல."

மினே பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். குச்சியில் புதுப் பஞ்சைச் சுற்றினாள். கோப்பையை முகத்துக்கருகே கொண்டுபோய் ஊதினாள். ஒருமுறை தன் உதட்டில் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. மறுபடி ஊதினாள்.

நெகோரோவின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. மூடியைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், கண்ணாடி தானாகத் தெளியட்டும் என்று அவர் நின்றுகொண்டிருந்தார்.