ரைஸ் மில் காலண்டர்

வயிற்றெரிச்சலுக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. இருந்தால் திருக்காட்டுப்பள்ளி ஜூலியட் மொத்தமாகவே வாங்கியிருப்பாள்.

கடைத்தெருவில் பல வருஷமாக ஸ்டுடியோ வைத்திருப்பவள் அவள். கல்யாணமோ, சடங்கோ, காதுகுத்தோ, ஊர் கூப்பிடுவது ஜூலியட்டையும் அவள் கேனான் கேமராவையும்தான். அப்படி இருந்த ஊரில் போன வருஷம் இசைவாணி என்று ஒரு சின்னப் பெண் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிக்கானோடு வந்து கடை திறந்தாள். அவ்வளவுதான்! "அந்தப் பொண்ணு எடுத்தா மாநிறம் மாநிறமாவே வருது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இல்ல" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சுண்ணாம்பு அடித்தது யாராம்? "கொஞ்சம் வெளுப்பாக்கித் தாம்மா" என்று இத்தனை நாள் கேட்டு வாங்கிப்போன அதே ஜனங்கள்தான் இப்படிப் பேசினார்கள்.

ஆடிப்பெருக்குக்கு ரைஸ் மில் வெங்கடகிருஷ்ணன் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் மில் காலண்டர் தொங்காத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. "படித்துறையில ரெண்டு பேரும் எடுங்க. நல்லதா ஒண்ணு காலண்டர்ல போடுறேன், எடுத்தவங்க பேரோட" என்றார். வருஷம் முழுக்க ஊர்ச் சுவரிலெல்லாம் இசைவாணி பேரா? அதற்கு ஸ்டுடியோவை இழுத்து மூடிவிடலாம் என்று நினைத்தாள் ஜூலியட்.

அன்றைக்குக் காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. கூட்டமோ கூட்டம். முன்னால் போக வழியில்லாமல் ஜூலியட் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, குத்துமதிப்பாக அமுக்கித் தள்ளினாள். பூதலூரில் ஒரு ஞானஸ்நானத்துக்கு வேறு நேரமாகிவிட்டது. எடுத்ததைப் பார்க்கக்கூட நிற்காமல், கார்டை மில் மேனேஜரிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஒரு வாரம் கழித்து வெங்கடகிருஷ்ணன் போனை நீட்டினார். முகம் நிறைய மஞ்சளோடு ஒரு பெண். ஆற்றில் விட்ட காதோலை கருகமணி மிதந்து போவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். மாநிறம் மாநிறமாகவே இருந்தது. நிக்கான்தான் என்று ஜூலியட்டுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குங்க. கேமரா அப்படி."

"கேமராவா? கைம்மா, கை!" என்று சிரித்தவர், நெல் லாரி வந்துவிட்டதென்று எழுந்து போய்விட்டார். யார் கை என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெயரைக் காதால் கேட்டுத் தொலைக்க வேண்டுமே!

"இருக்கிற கேனானே நல்லாத்தானேடி இருக்கு, நிக்கான் எதுக்கு?" என்றான் புருஷன் ஜெரால்ட், உரக்கடை வைத்திருப்பவன்.

"உங்களுக்கு யூரியா தெரியும், பொட்டாஷ் தெரியும். கலர் தெரியுமா?" என்று வெடித்துவிட்டு, தஞ்சாவூர் பஸ் ஏறினாள்.

கேமராக் கடை ஹஸ்ஸான் தயங்கினான். "நல்லா யோசிங்கக்கா. உங்க லென்ஸ் எதுவும் நிக்கான்ல மாட்டாது. எல்லாத்தையும் கொடுத்துட்டுத்தான் மாறணும்."

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க தம்பி."

கல்யாண வீட்டில் மாறிப்போகக் கூடாதென்று லென்ஸ் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு சிலுவை போட்டிருந்தாள். அதைக்கூடத் துடைத்துக்கொடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவு வேகம். புது நிக்கானில் லென்ஸைக்கூட எதிர்ப்பக்கம் திருக வேண்டியிருந்தது. பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மார்கழி பிறந்ததும் இசைவாணி ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள், கையில் காலண்டரோடு. தன்னிடம் பெருமையடிக்கவா வந்திருக்கிறாள் என்று ஜூலியட் முகத்தைத் திருப்பினாள்.

"பாருங்கக்கா."

மஞ்சள் முகக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'படம்: ஜூலியட்'.

தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அமுக்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தன் பேரை இன்னொரு தடவை படித்தாள் ஜூலியட்.

"இந்தப் படத்தை மில்லுல காட்டினாரே, அன்னிக்கு எனக்கு வந்த வயித்தெரிச்சல் இருக்கே, அப்பப்பா! கேனான்லதான் இப்படி வரும்னு போன மாசம் நானும் மாறிட்டேன். ஹஸ்ஸான் அண்ணன் கடையில பழசு ஒண்ணு கெடச்சுது. யாரோ மகராசி லென்ஸோட கொடுத்துட்டுப் போயிருக்கா" என்று சொல்லிக்கொண்டே இசைவாணி பையைத் திறந்தாள். மூடியில் சிவப்புச் சிலுவை.

"காலண்டரோட நில்லுங்கக்கா, இதுல ஒண்ணு எடுக்கிறேன்."

ஜூலியட் காலண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமும் அவள் கைச்சூட்டில் கிடந்த கேமரா, அந்தச் சின்னப் பெண்ணின் கையில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து வந்த பொறாமைபோல அவளுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை.

"கொஞ்சம் சிரிங்கக்கா" என்றாள் இசைவாணி.