கைப்பிடி அளவு

மேசையின் மேல் பனிக்கட்டியோடு மத்தி சரிந்து விழுந்துகொண்டே இருந்தது. இரு பக்கமும் நின்ற பெண்கள் ஒரு கையால் மீனை அமுக்கி, மறு கையிலிருந்த குட்டைக் கத்தியால் தலையை நறுக்கி, அதே இழுப்பில் குடலையும் உருவி எறிந்தார்கள். யாரும் கத்தியைப் பார்க்கவில்லை. உடை மாற்றும் அறை வாசலில் இல்ஹாம் தேநீர் இடைவேளைக்காகக் காத்திருந்தாள். ஆலை அவளுக்கு ஒதுக்கியது அந்த நேரத்தை மட்டும்தான்.

தசை, எலும்பு, மூட்டு பற்றிய முனைவர் பட்ட ஆய்வு அவளுடையது. அகாதிர் துறைமுகத்தை ஒட்டியிருந்த மத்தி ஆலைகளின் வாசலெல்லாம் ஏறி இறங்கியிருந்தாள். உள்ளே விட்டது இந்த ஒன்றுதான். மணி அடித்ததும் பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் நீட்டும் கருவியின் இரும்புப் பிடியை அழுத்துவார்கள். அதன் சின்னக் கண்ணாடித் திரையில் பிடியின் பலம் எண்ணாக வரும். பிறகு அவள் மணிக்கட்டை மடக்கச் சொல்லிப் பார்ப்பாள், கட்டைவிரலின் அடிச்சதையை அமுக்கிப் பார்ப்பாள். அதற்குள் அவர்களுடைய தேநீர் ஆறிப்போகும்.

அவர்களைப் பேசிச் சம்மதிக்கவைத்தவள் ரெக்கியா. மலைப்பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், நாற்பத்தைந்து தாண்டியவள், வாய்த்துடுக்குக்காரி.

"டாக்டரம்மா வந்துட்டா. கையைக் குடுங்கடி, மாப்பிள்ளை பாத்துச் சொல்லுவா" என்பாள்.

"ஜோசியம் இல்லக்கா இது."

"ஜோசியக்காரியாவது நல்ல வார்த்தை ரெண்டு சொல்லுவா. நீ பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கற."

ரெக்கியாவின் வலது கையைப் பார்த்த அன்று இல்ஹாமின் முகம் நிஜமாகவே அப்படித்தான் ஆனது. கட்டைவிரலடியில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழிந்திருந்தது.

"ராத்திரி மரத்துப் போகுதா?"

"மரத்துப் போனாத் தேவலையே. எரியுது. எழுந்து உதறிக்கிட்டு உக்காந்திருப்பேன். மக தூங்கட்டும்னு சத்தம் போடறதில்ல."

"கொஞ்ச நாள் கத்தி பிடிக்காம இருந்தா ஓரளவு சரியாகும்க்கா. இப்படியே விட்டா கை போயிடும்."

"எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷம் வேலைப் பதிவு வேணும். அதுவரைக்கும் தாங்குமான்னு சொல்லு. மத்ததெல்லாம் எனக்கெதுக்கு."

இல்ஹாம் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டு மீன்பிடிப் பருவம் அளந்த பிறகு ஒன்று தெளிவானது. வலி என்று ஒருத்தி வாயைத் திறப்பதற்கு வெகுநாள் முன்பே அவள் கைப்பிடி தளரத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் கத்தியை வாங்கிவைத்து, டப்பாவில் அடுக்கும் வேலைக்கு மாற்றினால் கை தேறுகிறது. பெண்களை மேசை மாற்றி மேசை சுழலவிட வேண்டும், ஆலைக்கு இதில் பெரிய செலவு இல்லை என்று எழுதினாள். அதை எழுதி முடித்த நாள் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நிர்வாகி லஹ்சன் அவளைத் தன் அறைக்கு அழைத்து, புதினா தேநீரைத் தானே உயரத் தூக்கி ஊற்றிக் கொடுத்தார். எழுதியதை முதலில் ஆலைக்குக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"நல்லா எழுதியிருக்கீங்க. படிக்காத எனக்கே புரியுது. இதுல கை தளர்ந்தவங்க யார் யாரு?"

"பேரு தர முடியாது சார். தரமாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

கெஞ்சுவார், மிரட்டுவார் என்று எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் சிரித்தார்.

"வாக்குன்னா வாக்குதான். பேரு வேண்டாம். அந்தக் கருவி எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, போதும்."

இனி அவர்களே கைகளைக் கவனித்துக்கொள்ளப் போகிறார்கள் என்றுதான் இல்ஹாம் நினைத்தாள். காசாபிளாங்காவில் இருக்கும் கடையின் பெயரையும், எந்த ரகம் நீடித்து உழைக்கும் என்பதையும் அவளே சொன்னாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த நாட்களில் ரெக்கியாவிடமிருந்து போன் வந்தது. கேலி இல்லாத குரல்.

"உன் சாமான் இங்க வாசல்ல நிக்குது. வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். படகுகள் வந்திருந்தன. நாள்கூலிக்கு ஆள் எடுக்கும் காலை. ஆலையின் இரும்புக் கதவருகே மேஸ்திரி ஹஸ்னா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், கையில் புத்தம்புதிய கருவி. வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அழுத்தினார்கள். கண்ணாடியைப் பார்த்துச் சிலரை உள்ளே விட்டாள். சிலரைக் கையசைத்து ஓரமாகப் போகச் சொன்னாள். ஓரமாகப் போனவர்கள் வீட்டுக்குப் போகாமல் மதிலோரம் நின்றார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த ஆலையில் மீன் அறுத்த இஜ்ஜாவும் அங்கே நின்றாள். இல்ஹாமைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லஹ்சன் முற்றத்திலேயே கிடைத்தார்.

"நான் இப்படிச் செய்யச் சொல்லலையே சார்."

"நீங்க எழுதினதுதான். தளர்ந்த கை கத்தி பிடிச்சா கெட்டுப் போகும்னு எழுதலையா? அதான் பிடிக்கவிடல. நாளைக்குக் கை போச்சுன்னு எவளாவது வழக்குப் போட்டா நானா கட்டறது?"

"வேற வேலைக்கு மாத்தணும்னு அடுத்த பக்கத்துலயே இருக்கு."

"அடுக்கறதுக்கு ஆள் இருக்காங்கம்மா. சின்னப் பொண்ணுங்க. விரல் வேகமா ஓடுது."

வெளியே வந்து தன் பேராசிரியர் அம்ஸிலுக்குப் போன் செய்தாள். நல்ல மனிதர்; பொறுமையாகக் கேட்டார்.

"எத்தனை பேரோட ஆராய்ச்சி அலமாரியில தூங்குது. உன்னோடது வேலைக்கு வந்திருக்கு."

"இந்த வேலைக்கா சார்?"

"இல்ஹாம், அவங்க அனுமதியை வாபஸ் வாங்கினா ஆய்வேடே நிக்காது. பட்டம் கைக்கு வரட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசு, நானும் கூட வர்றேன்."

போனை வைத்தபோது ரெக்கியா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் இன்னும் வரிசைக்குப் போகவில்லை. வலது கையை அங்கிக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எனக்கு வேலை நாள் இல்ல, தப்பிச்சேன். இன்னிக்கு மாட்டிப்பேன். எப்படி அழுத்தினா எண்ணு ஏறும்?"

"அக்கா, உங்க கை மேசைப் பக்கமே போகக் கூடாது."

"தெரியும்."

"முழுசாப் போயிடும். அப்புறம் ரொட்டிக்கு மாவு பிசையக்கூட வராது."

"தெரியும்னு சொல்றேன்ல. இவ்வளவு நாள் எங்களப் படிச்ச. எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு."

மதிலோரம் நின்ற பெண்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள். இல்ஹாமுக்கு எல்லாம் தெரியும். இரண்டு வருடமாக, அளக்கும்போது எதையெல்லாம் செய்யக் கூடாது என்று அவர்களிடம் சொல்லி வந்தாளோ, அவைதான் எண்ணை ஏற்றும் வழிகள். ரெக்கியாவின் முழங்கையைப் பிடித்து விலாவோடு ஒட்டவைத்தாள். மணிக்கட்டைச் சற்றே பின்னுக்கு வளைத்தாள்.

"மெதுவா ஆரம்பிக்காதீங்க. ஒரே வெட்டா அழுத்துங்க. மூச்சை விட்டுக்கிட்டே. உடம்பையும் லேசா முன்னால சாய்ச்சுக்கலாம், அவ கவனிக்க மாட்டா."

"வலிக்குமா?"

"ரொம்ப வலிக்கும்."

ரெக்கியா தலையாட்டிவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. சொன்னபடியே சாய்ந்து, மூச்சை விட்டு, ஒரே வெட்டாக அழுத்தினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது இல்ஹாம் நின்ற இடத்துக்கே தெரிந்தது. ஹஸ்னா கண்ணாடியைப் பார்த்தாள், ரெக்கியாவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் தலையசைத்தாள்.

மதிலோரத்திலிருந்து இஜ்ஜா இல்ஹாமிடம் வந்தாள். அவள் பின்னாலேயே இன்னும் இருவர். இஜ்ஜா தன் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

கதவின் இரும்புக் கம்பிகளுக்கு அப்பால், முற்றத்தில், ரெக்கியா பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் அதன் நாடாவைக் கட்ட வேண்டும். வலது கை விரல்கள் மடங்கவில்லை. நாடாவின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து, மறு நுனியை இடது கையால் இழுத்து முடிச்சிட்டாள். சங்கு ஊதியது. வாயில் ஒட்டிய மீன் செதிலைத் துப்பிவிட்டு உள்ளே ஓடினாள்.