சிரிப்புச் சத்தம் வராத நாடகம்

தங்கையின் வீங்கிப்போன இரண்டு பாதங்களையும் மடியில் தூக்கி வைத்து, கம்பளியின் நுனியால் சுற்றினாள் ஜீவராணி. விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"லொறி வந்துருச்சாக்கா?"

"வந்துகிட்டிருக்கு. மாமா போயிருக்காருல்ல."

அவள் புருசன் செல்லசாமி விடிந்ததும் போனவன். பூண்டுலோயா ரோட்டில் மண் சரிந்து வேன் எதுவும் மேலே வரவில்லை. தேயிலைத் தோட்டத்து லொறி மட்டும் மேல் ரோட்டு வழியாக நுவரெலியாவுக்குப் போகும். அதுவும் காலைக் கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் வரவேண்டும்.

தங்கை பூங்கோதை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். படுத்தால் முட்டியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று கண்டியில் முன்பே சொல்லிவிட்டார்கள். காலையில் வந்து பார்த்த தோட்டத்து மருந்துக்காரர், "ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பூங்கோதைக்குக் கண் சொருகும்போதெல்லாம் ஜீவராணிக்குப் பயம் வந்தது. தங்கையை விழிக்கவைக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

"என்னா இருந்தாலும் ஒன் இங்கிலீசு நாடகம் எங்க நாடகத்துக்குக் கிட்ட நிக்காது புள்ள."

பூங்கோதை கண்ணைத் திறந்தாள்.

கொழும்பில் ஒரு வீட்டுச் சமையலுக்கு நின்றவள், தை மாதம் உடம்பு வருத்தத்தோடு திரும்பி வந்ததிலிருந்து இருவருக்கும் இந்தச் சண்டைதான். ஞாயிறு சாயந்தரம் லயத்து வரிசை வீடெல்லாம் கூடி டிவியில் பார்ப்பது சிங்கள நாடகம். வாடகை அறையொன்றில் நாலு கூட்டாளிகள். ஒருவன் வேலை கேட்டுப் போனால் இன்னொருவனின் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டுதான் போவான். பூங்கோதைக்குப் பிடித்தது கொழும்பு வீட்டில் பார்த்தது. அதில் லாண்டரிக் கடைக்கு மேல்மாடியில் ஐந்து பேர். கதவைத் தட்டாமல் வருவார்கள், இருப்பதை எடுத்துத் தின்பார்கள், யாரும் யாரையும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

"ஒனக்கு அவங்க பேசுறது வெளங்குமா, சொல்லு?"

"வெளங்காது. சிரிக்கிற எடத்துல டிவிக்குள்ளயே சிரிப்புச் சத்தம் வரும்ல, அப்ப நானும் சிரிச்சுக்குவேன். அடுப்ப விட்டுட்டு வந்து குசினிக் கதவுகிட்ட நின்னுகிட்டு."

"எங்களுதுக்கு அந்தச் சத்தமே வேணாம். நாங்களே சிரிச்சுக்குவோம். அதோட, ஒருத்தனுக்குக் காச்சல்னா மத்தவன் கொத்தமல்லி அவிச்சுக் குடுப்பான். ஒன் ஆளுங்க என்னா செய்வாங்க?"

பூங்கோதை மூச்சு சேர்வதற்காகக் காத்திருந்தாள்.

"அதுல யாருக்கும் ஒண்ணும் வராதுக்கா."

ஜீவராணி பாதங்களைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, தங்கையின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். வெளியே மழை தகரத்தில் அடித்தது.

"போன ஞாயித்துக்கெழம நா தூங்கிட்டேன். என்னா நடந்துச்சு?"

அன்றைக்குக் கரண்டே இல்லை. ஜீவராணியும் பார்க்கவில்லை.

"அந்த நாலு பேருல நெட்டையன் இருக்கான்ல, அவனுக்கு வெளிநாட்டுல வேல கெடைச்சிருச்சு. எல்லாரும் பஸ் ஏத்திவிடப் போறாங்க."

"அழுதாங்களா?"

"அவனுங்களா? பெட்டிய யாரு தூக்குறதுன்னு சண்ட."

பூங்கோதையின் உதடு ஒரு பக்கம் லேசாக இழுபட்டது.

"பஸ்ஸு வந்துச்சா?"

"அதுக்குள்ள முடிச்சுட்டாங்க. அடுத்த வாரந்தான் தெரியும்."

"ஒங்களுதும்... பரவாயில்லக்கா."

தலை அக்காவின் தோளில் சாய்ந்தது. அந்தப் பாரம் ஜீவராணிக்கு இதமாக இருந்தது. அவள் கதையை விடவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் நாலு பேருக்கும் பசியெடுத்தது, இருந்த ஒரே பணிஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள், நெட்டையன் தன் பங்கைத் திருப்பிக் கொடுத்தான். சொல்லிக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்தினாள். அறையில் ஜீவராணியின் மூச்சு மட்டும் கேட்டது.

"கோத."

தோளைக் குலுக்கினாள். கன்னத்தைத் தட்டினாள். தேத்தண்ணியைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டாள். அது கழுத்து வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. குரல் கேட்டுப் பக்கத்து வீட்டு ராசம்மா ஓடிவந்து மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையை அப்படியே தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

லொறியின் ஹோன் சத்தம் கேட்டது. செல்லசாமி மழையில் குதித்து ஓடிவந்து, வாசலில் ராசம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

ஜீவராணி அவனைத் தாண்டி வெளியே வந்தாள். டிரைவர் அழகன் இஞ்சினை நிறுத்தாமல் இடதுபக்கக் கதவைத் திறந்து, சீட்டில் ஒட்டியிருந்த கொழுந்தையும் ஈரத்தையும் தன் சுவெட்டரால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சிய மெதுவா கூட்டியாங்கக்கா," என்றான் நிமிராமல். "ரெண்டு பேரும் முன்னுக்கே ஒக்காரலாம்."

துடைத்த இடத்தை அவன் உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். இன்னும் ஈரமாக இருந்திருக்க வேண்டும். மறுபடியும் துடைத்தான்.