நின்று சுற்றிய பீடி

"இந்த மேடை எவ்வளவு ஒசரம்னு அளந்துக்கிடட்டா, அண்ணாச்சி?"

திங்கட்கிழமை மதியம் மூன்று மணி. மேலகரம் முக்கில் இருந்த புரோட்டாக் கடையில் ஆள் இல்லை. மாஸ்டர் குற்றாலீஸ்வரன் சாயங்கால வியாபாரத்துக்கு மாவை உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மேடைக்கு முன்னால் நாற்பது வயது தாண்டிய பெண் ஒருத்தி இடது கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். வலது கையில் சிவப்பு நூல்கண்டு.

"எதுக்குக்கா? போட்டிக்குக் கடை போடப் போறியளா?"

"இல்ல. பீடி சுத்த."

மாஸ்டரின் கை நின்றது. சொன்ன இசக்கிசெல்விக்கும் திக்கென்றது. காலையிலிருந்து மனதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த எண்ணம், வாயிலிருந்து வெளியே வந்ததும் நிஜமான காரியமாகிவிட்டது. இனி வீட்டுக்குப் போய், 'சும்மா நினைச்சேன்' என்று விட்டுவிட முடியாது. ஓர் ஆளுக்குத் தெரிந்துவிட்டது.

"பீடியா? நின்னுக்கிட்டா?" என்றார் மாஸ்டர்.

"நீங்க நின்னுக்கிட்டுத்தான புரோட்டா போடுதிய?"

அவர் சிரித்துவிட்டார். "அளந்துக்கிடுங்க. மேடை தேஞ்சா போவுது?"

அவள் நூலின் ஒரு முனையை மேடையின் விளிம்பில் பிடித்து, மறுமுனையைத் தரை வரைக்கும் விட்டு, அங்கே ஒரு முடிச்சுப் போட்டாள். குனிந்து நிமிரும்போது இடுப்பில் தொடங்கிய வலி பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் கரண்டு மாதிரி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் இன்றைக்கு அந்த வலியின் மீதுகூடப் பழைய கோபம் வரவில்லை. உனக்கு ஒரு வழி பண்ணுகிறேன் இரு, என்று அதனிடம் சொல்லிக்கொண்டாள்.

இருபத்துமூன்று வருடமாக அவள் உட்கார்ந்திருந்தாள். தெருவின் வேப்பமரத்தடியில் இன்னும் ஆறேழு பெண்களோடு, கால்களை நீட்டி, மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்து, அதன் மேல் கவிழ்ந்து. இலையை வெட்ட வேண்டும், புகையிலைத் தூளை வைக்க வேண்டும், உருட்டி, நூலைக் கட்டி, பீடியின் தலையை மடக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சோற்றுக்கு எழுவதோடு சரி. ஐந்து மாதங்களுக்கு முன்பு ஒருநாள் எழுந்தபோது இடது கால் அவளோடு எழவில்லை. வாய்வு என்றார்கள். பூண்டு தின்றாள், எண்ணெய் தேய்த்தாள், குற்றாலத்து அருவியில் முதுகைக் கொடுத்துவிட்டு வந்தாள். தண்ணீருக்கு அடியில் நிற்கும் வரைக்கும் சுகமாக இருந்தது. வந்து உட்கார்ந்ததும் வலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

மூன்று மாதம் பீடியே சுற்றவில்லை. இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்கிற பீடிக்கடை வல்லிநாயகம் போன சனிக்கிழமை சொல்லி அனுப்பிவிட்டார். 'வர்ற சனிக்கிழமைக்குள்ள ரெண்டாயிரம் பீடி கொண்டு வரலேன்னா கார்டை ரத்து பண்ணச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு.'

அந்தத் தொழிலாளர் கார்டு அவள் பதினெட்டு வயதில் வாங்கியது. ரேஷன் அட்டையில் அவள் கடற்கரையின் மனைவி. பள்ளிக்கூடத்தில் முத்துசெல்வியின் அம்மா. பீடிக் கார்டில் மட்டும், ஒட்டிய போட்டோவுக்குக் கீழே, யாருடையவளாகவும் இல்லாமல், இசக்கிசெல்வி. அதைப் போகவிட அவளால் முடியாது.

இன்று காலை தென்காசி பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் ஜெயபிரியா ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்துக் காட்டினாள். நடுவில் மெத்தைபோல் இருந்த தட்டு பின்பக்கமாகப் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். "தரையில காலை நீட்டிக் குனிஞ்சு உட்காரவே கூடாது. அரைமணிக்கு ஒருதடவை எழுந்து நடங்க. குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலயே விட்டுட்டு, கையை ஊன்றி நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்குங்க. பத்து தடவை. தினமும் மூணு வேளை."

"எல்லாம் செய்யுதேன்மா. பீடி எப்படிச் சுத்த?"

"நின்னுக்கிட்டு சுத்த முடியாதா?"

இசக்கிசெல்வி சிரித்துவிட்டாள். நின்றுகொண்டு தூங்க முடியாதா என்று கேட்டதுபோல இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது, பஸ் ஜன்னல் வழியாகப் புரோட்டா மாஸ்டர் மாவை வீசுவது தெரிந்தது. மணிக்கட்டு மட்டும் பறந்தது, முதுகு பனைமரம்போல நேராக நின்றது. அந்த எண்ணம் அவளுக்குள் ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

புருஷன் கடற்கரைக்குச் சென்ட்ரிங் வேலை. பலகைக்கும் ஆணிக்கும் பஞ்சமில்லை. நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒசரத்துக்கா? மேடைப் பேச்சா பேசப் போற?" என்றான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு கால் வைத்த பலகை மேசை ஒன்றை வேப்பமரத்தடியில் கொண்டுவந்து இறக்கினான்.

புதன்கிழமை காலை அவள் சுளகை மேசைமேல் வைத்து நின்றதும் மரத்தடியில் சிரிப்பு கிளம்பியது.

"மாஸ்டர், ரெண்டு கொத்து புரோட்டா, சால்னா தனியா!" என்றாள் சங்கரம்மாள். பக்கத்து வீட்டுக்காரி, பதினைந்து வருடமாக முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தவள்.

"முட்டை உண்டா, மாஸ்டர்?" என்றாள் இன்னொருத்தி.

"காசு குடுத்தா எல்லாம் உண்டு" என்று இசக்கிசெல்வி பதில் சொன்னாள். சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தவளுக்குக் கை ஓடவில்லை.

சுளகு வழுக்கியது. இத்தனை காலமும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவை அவளுடைய இரண்டு தொடைகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நின்றால் மடி இல்லை. மடி என்பது உட்கார்ந்தால் வருவது, எழுந்தால் போய்விடுவது. அவளுடைய மடியில் எப்போதும் சுளகு இருந்ததால், மகள் தவழ்ந்த காலத்தில்கூட ஓரமாக ஒரு தொடையைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். அதை இதுவரை குறையாக நினைத்ததில்லை. இப்போது ஒரு கணம் நினைத்தாள். பிறகு ஈரச் சாக்கை மடித்துச் சுளகுக்கு அடியில் வைத்தாள். வழுக்கல் நின்றது.

ஆனால் மேசை நெஞ்சுக்கு வந்தது. தோள்கள் காதைத் தொட்டன. அரைமணிக்கு ஒருதடவை தெருக்கோடி வரை நடந்துவிட்டுத்தான் வந்தாள், இருந்தும் மத்தியானத்துக்குள் கழுத்து கல்லாகிவிட்டது. பொழுது சாயும்போது எண்ணிப் பார்த்தாள், இருநூற்றுப் பத்து. இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"ஒரு நோவை வித்து இன்னொரு நோவை வாங்கிட்டு வந்திருக்கா" என்றாள் சங்கரம்மாள். கேலியில்லை. அதனால்தான் அது அதிகமாக வலித்தது.

வீட்டுக்குள் போய்க் குப்புறப் படுத்தாள். கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. மூக்குக்கு நேராகச் சிமெண்டுத் தரை. எனக்கு எதற்கு இந்த ஆசை, ஊரோடு உட்கார்ந்து ஊரோடு வலிக்க வேண்டியதுதானே என்று தோன்றியது. ஆறு. ஏழு. மாஸ்டர் தன்னைவிட எவ்வளவு நெட்டையாகத் தெரிந்தார்! ஆனால் அளந்து முடித்துக் கிளம்பும்போது, தண்ணீர் எடுக்க மேடையைச் சுற்றி வந்தாரே, அப்போது அவருடைய கண் அவள் கண்ணுக்கு நேராகத்தானே இருந்தது?

எட்டாவதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். செருப்பைப் போட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. சாரல் தூறிக்கொண்டிருந்தது. புரோட்டாக் கடையில் ஒரே கூட்டம், அருவிக்கு வந்தவர்கள் ஈரத்தலையோடு நின்றார்கள்.

"அண்ணாச்சி, எதுமேல நிக்கிய?"

"என்னது?"

"காலுக்குக் கீழ என்ன கெடக்கு?"

மாஸ்டர் மாவை வீசிக்கொண்டே கீழே பார்த்தார். "பலகை. ரெண்டு பலகை. எண்ணெய்த் தரையில்லா, வழுக்கும்."

"நான் தரையில இருந்து அளந்துட்டேன்!"

கடையே திரும்பிப் பார்க்கும்படி அவர் சிரித்தார். "இங்கன வந்து பாருங்கக்கா. எங்கிட்ட கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேன்லா. முழங்கை மடங்குற இடத்துக்குக் கீழ மேடை இருக்கணும். அதைவிட இந்தா, இதைப் பாருங்க." அவருடைய இடது கால் ஒரு செங்கல்மேல் ஏறியிருந்தது. "கொஞ்ச நேரம் இந்தக் கால், கொஞ்ச நேரம் அந்தக் கால். இது இல்லேன்னா எனக்கும் இடுப்பு என்னைக்கோ போயிருக்கும்."

அவள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். தப்பு எண்ணத்தில் இல்லை, அளவில்தான். அளவைத் திருத்திவிடலாம். கடற்கரை மேசைக்காலை அறுக்கிறேன் என்று ரம்பத்தைத் தேடினான். "அதுக்கு நேரமில்லைங்க" என்று அவளே இரண்டு சென்ட்ரிங் பலகையை இழுத்துப்போட்டு ஏறி நின்றாள். அதன்மேல் ஒரு செங்கல்.

வியாழக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு அது நடந்தது. கை தானாக ஓடத் தொடங்கியது. தோள் இறங்கிவிட்டது. இலை புரண்டது, தூள் விழுந்தது, நூல் சுற்றியது. கால் மாற்றி, கால் மாற்றி நின்றாள். நடந்துவிட்டு வந்தாலும் கை மறக்கவில்லை. கெண்டைக்கால் வரைக்கும் இறங்குகிற வலி அன்று முழங்காலோடு நின்றுவிட்டது. வலி அப்படி மேலே ஏறி வந்தால் நல்லது என்று ஜெயபிரியா சொல்லியிருந்தாள்.

தலை நிமிர்ந்தபோது தெருவில் போகிறவர்களின் முகம் தெரிந்தது! இத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்தவை கால்கள்தான். இன்னார் செருப்பு, இன்னார் கொலுசு. இப்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேலே மலை தெரிந்தது, அதன்மேல் மேகம் இறங்குவது தெரிந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. அவளுக்குச் சத்தம் போட்டு யாரையாவது கூப்பிட வேண்டும்போல இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? மலை இருக்கிறது என்றா?

இரண்டு நாளும் ராத்திரி வரைக்கும் நின்று சுற்றி முடித்து, சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தென்காசி பீடிக்கடையில், கட்டுக்கு இருபத்தைந்தாக எண்பது கட்டுகளையும் வல்லிநாயகத்தின் முன்னால் அடுக்கினாள். பின்னால் வரிசையில் சங்கரம்மாள்.

வல்லிநாயகம் ஒரு கட்டைப் பிரித்தார். ஒரு பீடியை எடுத்து அமுக்கினார். அதன் தலையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு கட்டு. இன்னொன்று. முகம் மாறியது.

"இது யார் சுத்துனது?"

"நான்தான்."

"இசக்கி, எங்கிட்ட வேண்டாம். ஒன் கை எனக்குத் தெரியாதா? ஒன் மடக்கு இடது பக்கம் சாயும். இதெல்லாம் நேரா இருக்கு. வேற ஆள் சுத்துனதை ஒன் கார்டுல கொண்டாந்திருக்க. யாரு, சங்கரம்மாளா?"

"ஏ அண்ணாச்சி! எங்கார்டுக்குச் சுத்தவே எனக்குப் பொழுது பத்தல. இவளுக்கு வேற நான் சுத்தவா?" என்று சங்கரம்மாள் பாய்ந்தாள்.

இசக்கிசெல்வி ஒரு பீடியை எடுத்துப் பார்த்தாள். இடது பக்கம் சாயும். ஆமாம், சாயும். சுளகின் மேல் ஒருபக்கமாகச் சாய்ந்தே இத்தனை வருடமும் உட்கார்ந்திருந்தாளே. அந்தச் சாய்வைத்தான் இவர் அவள் கை என்று சொல்கிறார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"இலை குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இங்கனயே சுத்துதேன். பாருங்க."

வல்லிநாயகம் தயங்கிவிட்டு நனைத்த இலையையும் தூளையும் ஒரு சுளகில் வைத்து நீட்டினார். ஒரு முக்காலியையும் காலால் தள்ளினார். அவள் அதைத் தொடவில்லை. மேசை தாழ்ந்திருந்தது. காலி இலைப்பெட்டியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, அதன்மேல் சுளகை வைத்தாள். முழங்கையை மடக்கிப் பார்த்தாள். சரி. முக்காலியைப் பக்கத்தில் இழுத்து, அதன் அடிச்சட்டத்தில் இடது காலை ஏற்றினாள்.

வரிசை கலைந்து சுற்றிக்கொண்டது. முதல் இலை கிழிந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். எல்லோரும் பார்க்கும்போது கை வராமல் போய்விட்டால்? மூச்சை விட்டாள். இரண்டாவது இலையை வெட்டினாள். தூள், உருட்டு, நூல், மடக்கு. வல்லிநாயகம் அதை வாங்கிக் கட்டிலிருந்த பீடியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி நேராக நின்றன.

"இன்னொண்ணு" என்றார்.

அவள் ஏற்கெனவே மூன்றாவதைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலாவது. ஐந்தாவது. நிறுத்தத் தோன்றவில்லை. விரல்களுக்குள் ஏதோ துள்ளியது. பதினெட்டு வயதில் முதல் கட்டு தேறியபோது துள்ளியது இதுதானா என்று யோசித்தாள். இல்லை, அப்போது பயம் இருந்தது. இப்போது அது இல்லை.

"போதும்ட்டி, எங்க சரக்கையும் பாக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொறுட்டி, அவ சுத்தட்டும்" என்றாள் சங்கரம்மாள். பிறகு குனிந்து, இசக்கிசெல்வியின் இடது கால் ஏறியிருந்த சட்டத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.

வல்லிநாயகம் கார்டை எடுத்தார். இந்த வாரத்துக் கட்டத்தில் இரண்டாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். "ஒன் கைதான். ஆனா மாறிப்போச்சு. மேல கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

கார்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. மேலகரத்துக்கான பஸ் கிளம்பத் தயாராக நின்றது. பாதி சீட் காலி. அவள் ஏறி, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி பார்த்தார். "இவ்வளவு சீட்டு கெடக்குல்லா? உக்காருங்கக்கா."

"வேண்டாம்யா. இப்பத்தான் எந்திரிச்சிருக்கேன்."